கண்ணுக்கு ஒரு கருவி, செவிக்கு ஒரு கருவி: நேர் நிகழ்ச்சிப் படங்களில் ஒலிப்பதிவு வளர்ந்த வரலாறு

காந்தியடிகள் 1930-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரைக்கு நடந்து சென்ற காட்சியை நாம் படச்சுருளில் காண்கிறோம். கையில் கோல், பின்னே தொண்டர் அணி, வழியெங்கும் மக்கள் வெள்ளம். ஆனால் ஊர்தோறும் நின்று அவர் ஆற்றிய உரைகளுள் ஒரு சொல்லேனும் அச்சுருளில் இல்லை. தொண்டர்கள் பாடிய பஜனையும் இல்லை. மக்கள் எழுப்பிய வாழ்த்தொலியும் இல்லை. கண்ணுக்கு விருந்து கிடைத்தது. செவிக்கு ஒரு பருக்கையும் கிடைக்கவில்லை. நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இத்தகைய ஊமைக் காட்சிகள் மிகப் பல. அவை ஏன் ஊமையாயின, பின் வந்த காட்சிகள் எவ்வாறு வாய் பெற்றன, வாய் பெற்ற பின்னும் சில ஏன் குளறுகின்றன என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

படம் பிடிப்பதற்கும் ஒலியைப் பதிவு செய்வதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேற்றுமை உண்டு. காமிரா எட்ட நின்றும் தன் தொழிலைச் செய்யும். தக்க லென்ஸ் ஒன்றைப் பொருத்திவிட்டால், நூறு அடிக்கு அப்பாலுள்ள பேச்சாளரின் முகத்தைக்கூட அருகில் உள்ளதுபோலக் காட்டிவிடும். மைக்கோ எட்ட நின்று தன் தொழிலைச் செய்ய இயலாதது. திறந்த வெளியில், ஒலி பிறக்கும் இடத்திலிருந்து இரு மடங்கு தொலைவு விலகினால், மைக்கை வந்தடையும் ஒலியாற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அரங்கினுள்ளோ, சுவரிலும் கூரையிலும் மோதி வரும் எதிரொலி அந்தக் குறைந்த ஒலியையும் மூடிவிடும். மனிதனுடைய செவிகள் இரண்டும் மனத்தின் துணையோடு கேட்பவை. இரைச்சலின் நடுவே வேண்டிய குரலைப் பிரித்தெடுத்துக் கொள்ளும். மைக்குக்கு மனம் இல்லை. பேச்சும், இருமலும், விசிறியின் ஓசையும் அதற்கு ஒன்றே. ஆகவே காமிரா நிற்கவேண்டிய இடம் வேறு; மைக் நிற்கவேண்டிய இடம் வேறு. இந்த எளிய உண்மையைப் படக்கலை கற்றுக் கொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அசையும் படம் பிறந்தபோதே அதனோடு ஒலியையும் இணைக்கும் ஆசை பிறந்துவிட்டது. அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் என்பவர், 1894-ஆம் ஆண்டின் இறுதியிலோ 1895-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ, ஒரு சோதனை செய்தார். பெரியதொரு கூம்புக்குழாயின் வாயருகே நின்று அவர் வயலின் வாசிக்க, அவ்வோசை மெழுகுருளையில் பதிவாயிற்று. அதே வேளையில் காமிராவும் ஓடியது. பின்னர்ப் படம் ஓரிடத்திலும் உருளை ஓரிடத்திலுமாகப் பிரிந்து போயின. உடைந்து கிடந்த உருளையைச் செப்பனிட்டு, அதன் ஒலியைப் படத்தோடு பொருத்திக் காட்டியது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 2000-ஆம் ஆண்டளவில்தான் நிகழ்ந்தது. அவ்வாறு ஒலியைப் படத்தோடு பொருத்தியவர் வால்ட்டர் மர்ச் என்னும் புகழ் பெற்ற படத்தொகுப்பாளர். படமும் ஒலியும் தனித்தனியே பதிவாகுமானால், அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்க்கும் அடையாளம் ஒன்று வேண்டும் என்பதை அந்த முதற் சோதனையே உணர்த்தியது எனலாம்.

இத்தொல்லையை அடியோடு ஒழிக்க எண்ணியவர்கள் ஒலியையும் படச்சுருளின் மேலேயே எழுத முற்பட்டனர். மைக் தரும் மின்னோட்டத்துக்கு ஏற்ப ஒரு விளக்கின் ஒளி கூடியும் குறைந்தும் மாறும். அவ்வொளி சுருளின் ஓரத்தில் மெல்லிய கோடுகளாகப் பதியும். தியோடோர் கேஸ் முதலியோர் உருவாக்கிய இம்முறையைப் பாக்ஸ் நிறுவனம் மூவிடோன் என்ற பெயரால் செய்திப்படங்களில் கையாண்டது. 1927 மே 20-ஆம் நாள் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடக்க விமானம் ஏறினார். எஞ்சினின் முழக்கத்தோடு அக்காட்சி பதிவாகி, அன்றிரவே நியூயார்க் நகரத்து ராக்ஸி அரங்கில் காட்டப்பெற்றது. நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றைக் கண்ணாரக் கண்டும் காதாரக் கேட்டும் மக்கள் வியந்தனர். ஒரே காமிரா, ஒரே சுருள், இரு பதிவு: இதனை ஒற்றை முறை என்பர்.

நம் நாட்டுக்கும் இம்முறை 1931-ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொண்டு புரிந்தது. குஜராத்திலுள்ள போர்சத் என்னும் ஊருக்கு மூவிடோன் குழுவினர் வந்து, காந்தியடிகளைத் தரையில் அமர்ந்த நிலையிலேயே பேசச் செய்து படம் எடுத்தனர். அவருடைய உருவத்தையும் குரலையும் ஒருங்கே காட்டும் மிகப் பழைய பதிவுகளுள் அஃது ஒன்றாகும். வினாக்களுக்கு அவர் சின்னஞ்சிறு சொற்களால் விடை கூறுகிறார். நாட்டு விடுதலைக்காக உயிரையும் கொடுப்பீர்களா என்று ஒருவர் வினவ, அது நல்ல வினா அன்று என்று ஒதுக்கிவிடுகிறார். அச்சிட்ட செய்தியில் அவ்விடை ஒரு வரியாக முடிந்துவிடும். சுருளிலோ விடைக்கு முன்னுள்ள தயக்கமும், குரலின் அமைதியும், அதன் அடியிலே ஓடும் நகையும் நமக்குப் புலனாகின்றன. ஒலிப்பதிவு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைக் காட்டிலும் சிறந்த மறுமொழி இல்லை.

ஆயினும் ஒற்றை முறையில் குறைகள் பல இருந்தன. முதலாவது, காமிராவின் பல்சக்கரங்கள் எழுப்பும் ஓசை மைக்கில் விழுந்தது. இரண்டாவது, சுருளைக் கழுவும்போது படத்துக்கு ஏற்ற பக்குவம் ஒன்று, ஒலிக்கோட்டுக்கு ஏற்ற பக்குவம் மற்றொன்று. ஒரே சுருளில் இரண்டும் இருந்தமையால் இரண்டுக்கும் நடுவாக ஒரு பக்குவத்தைக் கொள்ளவேண்டியிருந்தது. மூன்றாவது, படம் நொடிக்கு 24 பிரேம்களாக நின்று நின்று ஓடுவது; ஒலியோ நில்லாமல் ஓடவேண்டுவது. ஆதலால் ஒலி பதியும் இடத்தைப் படம் பதியும் இடத்திலிருந்து சுமார் 20 பிரேம் தள்ளியே அமைக்க வேண்டியிருந்தது. பேச்சின் நடுவே சுருளை வெட்டினால், படத்தில் ஒருவர் வாய் மூடியிருக்க மற்றொருவர் சொல் ஒலிக்கும். அன்றியும், ஒலி நன்கு பதிந்ததா என்பது சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். அதற்குள் நிகழ்ச்சி முடிந்து பந்தலும் பிரிக்கப்பட்டிருக்கும்.

கதைப்படம் எடுப்போர் இக்குறைகளைத் தம் வசதிக்கேற்பச் சமாளித்தனர். பம்பாயில் அர்தேஷிர் இரானி 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆலம் ஆரா’ என்னும் முதல் இந்தியப் பேசும் படமும் ஒற்றை முறையில் எடுக்கப்பட்டதே. படப்பிடிப்பு நிலையத்தின் அருகே புகைவண்டிப் பாதை இருந்தமையால், வண்டிகள் ஓடாத நள்ளிரவு நேரத்தில் படம் எடுத்தார்கள். மைக்குகளை நடிகர்களுக்கு அருகே மறைத்து வைத்தார்கள். பின்னர்ப் படத்துக்கு ஒரு சுருளும் ஒலிக்கு ஒரு சுருளுமாகப் பிரித்து, இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டும் இரட்டை முறை பரவியது. காட்சியின் தொடக்கத்தில் பலகையைத் தட்டுவார்கள். பலகைகள் சேரும் பிரேமையும் அவ்வோசை பதிந்த இடத்தையும் நேர்ப்படுத்திவிட்டால், மற்றவை யாவும் தாமே இசைந்துவிடும். காமிராவுக்குக் கனத்த உறையிட்டு அதன் வாயையும் அடைத்தார்கள். இவையெல்லாம் ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்குள் இயலும். ஊர்வலத்தையும் பொதுக்கூட்டத்தையும் புகைவண்டி ஓயும் வரையில் நிறுத்தி வைக்க இயலுமோ? இன்னொரு முறை பேசுங்கள் என்று தலைவரைக் கேட்கத்தான் கூடுமோ?

ஆகவே செய்திப்படக்காரர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். படத்தை ஊமையாக எடுத்துக்கொண்டு, பின்னர் ஓர் அறையில் அமர்ந்து வர்ணனையையும் வாத்திய இசையையும் சேர்த்தனர். இம்முறையிலும் அரிய பணிகள் நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. தமிழரான ஏ. கே. செட்டியார் உலக நாடுகள் பலவற்றில் அலைந்து, காந்தியடிகளைப் பற்றிய சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் தேடித் திரட்டி, 1940-ஆம் ஆண்டில் தமிழ் வர்ணனையோடு ஒரு வரலாற்றுப் படத்தை வெளியிட்டார். பேசும் செய்திப்படம் தோன்றுவதற்கு முற்பட்ட சுருள்களில் அவருக்குக் கிடைத்தவை உருவங்களே. குரல் இல்லாத குறையை அவர் விளக்கவுரையால் நிரப்பவேண்டியதாயிற்று. காப்பாற்றக்கூடியதை அவர் காப்பாற்றினார். பதிவே ஆகாததை எவரால் காப்பாற்ற முடியும்?

இதற்கிடையே, படக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த விடையை வானொலிக்காரர்கள் வேறு வழியாகக் கண்டுவிட்டிருந்தனர். வானொலிக்குக் கண் இல்லை. ஆதலின் ஒலியொன்றிலேயே அதன் கருத்தெல்லாம் நின்றது. நேர்முக ஒலிபரப்பில் மைக் பேச்சாளரின் வாயருகே இருக்கும். அதிலிருந்து நீண்ட கம்பி ஒன்று பக்கத்து அறைக்குச் செல்லும். அங்கே ஒரு பொறியியலாளர் செவிக்குழல் அணிந்து, அளவுமுள்ளை நோக்கியபடி, ஒலியை ஏற்றியும் இறக்கியும் காவல் புரிவார். மைக் அண்மையில், பொறி சேய்மையில், நடுவே ஒரு மனிதனின் செவி: இதுவே வானொலி முறை. ‘சிகாகோ ரேடியோ’ என்று பெயர் பொறித்த மைக்குகள் காந்தியடிகள், நேரு முதலிய தலைவர்களின் முன்னே நிற்பதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். மோத்வானி குடும்பத்தார் காங்கிரஸ் மாநாடுகளுக்கு அமைத்துக் கொடுத்த ஒலிபெருக்கிகள் அவை. கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்போனும் கேட்க வேண்டுமெனின் மைக் மேடைமேல் இருந்தாகவேண்டும் என்பதை ஒலிபெருக்கி அமைப்போரும் உணர்ந்திருந்தனர்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் நாள் நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில், 1943-ஆம் ஆண்டில், அரசாங்கம் அமைத்த செய்திப்பட நிறுவனம் 1946-இல் கலைக்கப்பட்டுவிட்டது. பிலிம்ஸ் டிவிஷன் தோன்றியதோ 1948-இல். ஒரு நாடு விடுதலை பெறும் வேளையில் அந்நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான படப்பிரிவு இல்லை! தனியார் சிலரும் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களும் எடுத்த சுருள்களைக் கொண்டே அக்காட்சியை நாம் இன்று காண்கிறோம். ஆனால் அகில இந்திய வானொலி அங்கே இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் அந்நள்ளிரவுக் கூட்டம் நேர்முகமாக ஒலிபரப்பப்பட்டது. ஜவஹர்லால் நேருவின் உரை ஒலியாக நிலைபெற்றது. அந்த இரவின் வரலாற்றில் கண் பலரிடம் கடன் வாங்கியது. செவிக்கு மட்டும் சொந்த வீடு இருந்தது.

அதன் பின் வந்த மாதங்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். தில்லியில் காந்தியடிகள் பிரார்த்தனைக்குப் பின் நிகழ்த்திய உரைகளை வானொலியார் பதிவு செய்தனர். 1947 நவம்பர் 12-ஆம் நாள் குருக்ஷேத்திரத்து அகதிகளுக்காகப் பேச அவர் வானொலி நிலையத்துக்கே வந்தார். 1948 ஜனவரி 31-ஆம் நாள் அவருடைய இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ சுமார் ஏழு மணி நேரம் இடைவிடாது வர்ணித்தார். அவ்வூர்வலத்தைப் படம் பிடித்தோர் பலர். எனினும் தில்லி மாநகரின் துயரத்தை அன்று தொலைவிலிருந்தோர் அறிந்தது செவி வழியாகத்தான்.

படத்துக்குரிய ஒலி, காமிராவின் கட்டிலிருந்து விடுபட்டதற்குக் காரணம் காந்த நாடா. ஜெர்மனியில் 1935-ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்த நாடாப்பொறி, 1940-இல் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தால் இரைச்சல் குறைந்து, நேரில் கேட்பதுபோல ஒலிக்கலாயிற்று. போருக்குப் பின் அஃது உலகெங்கும் பரவியது. அதனைத் தோளில் தொங்கவிடும் அளவுக்குச் சுருக்கியவர், போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டீபன் குடெல்ஸ்கி. 1951-இல் அவர் வெளியிட்ட பொறிக்கு ‘நாக்ரா’ என்று பெயர்; போலந்து மொழியில் ‘பதிவு செய்யும்’ என்பது அதன் பொருள். பத்தாண்டுக்குள் அதன் மூன்றாம் வடிவம் செய்திப்படக்காரர்களின் உற்ற துணையாயிற்று. பதிந்ததை அங்கேயே, அப்போதே கேட்டுப் பார்க்கலாம் என்பது அதன் பெரும்பேறு.

ஆனால் நாடாவுக்குப் படச்சுருளைப் போலப் பல்துளைகள் இல்லை. அது நீளும், வழுக்கும். பத்து நிமிடத்துக்குள் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போய்விடும். இதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டனர். காமிராவின் மோட்டாரிலிருந்து அதன் வேகத்துக்கு ஏற்ற ஒரு மின்துடிப்பைக் கம்பி வழியே கொண்டுவந்து, பேச்சோடு கூட நாடாவில் பதிந்தனர். பின்னர் நாடாவைப் பிரதி எடுக்கும்போது அத்துடிப்பே தாளம்போல் நின்று வேகத்தைச் சீர்செய்தது. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேர்தல் களத்தில் கென்னடியையும் ஹம்ஃப்ரியையும் தொடர்ந்து ராபர்ட் ட்ரூ குழுவினர் எடுத்த ‘பிரைமரி’ என்னும் படத்தில், காமிராக்காரரும் ஒலிப்பதிவாளரும் கூட்டத்தினூடே நடந்தே சென்று பதிவு செய்தனர். அடுத்து, துல்லியமான படிகத் துடிப்பை இரு பொறிகளிலும் தனித்தனியே அமைத்து, இடையிலிருந்த கம்பியையும் நீக்கினர். அன்றுதான் கண்ணும் செவியும் தத்தமக்கு உரிய இடத்தில் நின்று, ஒரே தாளத்தில் பணிபுரியலாயின.

இதன் பயனை நம் நாட்டிலும் காண்கிறோம். 1967-ஆம் ஆண்டில் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ். என். எஸ். சாஸ்திரி எடுத்த ‘ஐ ஆம் 20’ என்ற படத்தில், நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்கள் தம் கருத்தைத் தம் வாயாலேயே கூறுகின்றனர். அவர்களுக்காக வேறொருவர் பேசவில்லை. பிறந்த வேளையில் சொந்தப் படப்பிரிவு இல்லாதிருந்த நாடு, இருபது ஆண்டில் தன் மக்களின் குரலைக் கேட்கவும் பதியவும் கற்றுக்கொண்டது.

இசை நிகழ்ச்சிகளில் இம்முறை மேலும் விரிந்தது. 1971 ஆகஸ்டு முதல் நாள், வங்காள அகதிகளின் துயர் துடைக்க, பண்டித ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியைப் படமாக எடுத்தனர். ஒலியோ பல தடங்கள் கொண்ட அகன்ற நாடாவில் தனியே பதிவாயிற்று. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே ஒரு பாட்டு என்றெண்ணி அவையோர் கை தட்டினர். சுருதி சேர்த்ததே இத்துணை உவப்பளித்தால் வாசிப்பு இன்னும் உவப்பளிக்கும் என்று நம்புவதாக அவர் நகைத்துரைத்தார். அச்சிறு நிகழ்ச்சி இன்றும் நமக்குக் கேட்கிறது. பாட்டுத் தொடங்கட்டும் என்று பொறியை நிறுத்தி வைத்திருந்தால் அஃது எங்கே கிடைத்திருக்கும்? அக்கச்சேரியின் இசைத்தட்டுகள் படத்தைச் சாராமல் தாமே நின்று பெரும்புகழ் பெற்றன.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காமிரா உண்டு. திருமணமாயினும், சபைக் கச்சேரியாயினும், பள்ளி ஆண்டு விழாவாயினும் படம் பிடிக்காதார் இல்லை. கைபேசி, விந்தையாக, 1927-ஆம் ஆண்டின் ஒற்றை முறைக்கே நம்மைத் திருப்பிவிட்டது: கண்ணும் செவியும் மீண்டும் ஒரே பெட்டியில் அடைபட்டுள்ளன. படம் பளிங்குபோல் இருக்க, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதன் காரணம் இதுவே. நூறு ஆண்டு அனுபவம் இதற்குக் கூறும் மருந்து கடினமானதன்று. பேசுவோர் சட்டையில் சிறு மைக் ஒன்றைப் பொருத்துக. அல்லது மேடையருகே தனியாக ஓர் ஒலிப்பதிவுப் பொறியை வைக்க. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து கம்பி எடுப்பதும் நன்றே. ஆனால் மைக் வைக்காத வாத்தியமும் அவையோரின் கைதட்டலும் அதில் வாரா. ஆதலின் அவை நோக்கி இன்னொரு மைக்கும் வேண்டும். திறந்த வெளியில் காற்றுக்கு மறைப்பு இடுக. ஒலியளவைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பை நிறுத்திவிடுக. அது மௌனத்திலும் இரைச்சலைத் தேடிப் பெருக்கும். எண்முறைப் பதிவில் உச்ச அளவைத் தாண்டிய ஒலி முரிந்துவிடும். பின்னர் ஒட்டவைக்க இயலாது. ஆகவே மேலே சற்று இடம் விட்டே அளவைக் குறிக்க. தொடக்கத்திலும் முடிவிலும் காமிராவுக்கு எதிரே ஒருமுறை கை தட்டினால், பழைய பலகையின் வேலையை அதுவே செய்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்லும். ஆதலால் 34 மீட்டருக்கு அப்பாலிருந்து காமிராவின் மைக் பிடித்த ஒலி, நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியே வரும். மேடை மைக்கின் ஒலியைப் படத்தோடு பொருத்துவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செவிக்குழல் அணிந்து முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க ஒருவரை நியமிக்க. படம் எடுப்பவரே ஒலியையும் காக்க முயன்றால், அவர் கண் வென்றுவிடும், செவி தோற்றுவிடும்.

இவற்றை வெறும் தொழில் நுணுக்கம் என்று தள்ளிவிடலாகாது. மறைந்த ஒருவரின் உருவத்தை ஓவியமும் நிழற்படமும் ஓரளவு காட்டும். அவருடைய குரலுக்கு மாற்றாக நிற்கும் பொருள் வேறொன்று இல்லை. திருவள்ளுவர் கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். செவியால் பெறும் செல்வத்தை நம் முன்னோர் அவ்வளவு உயர்வாகக் கருதினர். பாட்டியின் தாலாட்டும், ஊர்க் கோயில் நாதசுரமும், மகளின் முதல் மேடைப் பேச்சும் நாளைய தலைமுறைக்கு வரலாறாகும். தண்டி யாத்திரையின் சுருள் ஊமையானதற்கு அக்காலத்துக் கருவியின் குறை காரணம். நம் கையில் கருவிக்குக் குறைவில்லை. நாளை ஒரு விழாவைப் படம் பிடிக்கச் செல்வோர், காமிராவை எங்கே நிறுத்துவது என்று எண்ணுவதற்கு முன்னர், மைக்கை எங்கே வைப்பது என்று எண்ணுவார்களாக.